இவரை நன்கு அறிந்த ஒருவர்

வீட்டை விட்டுப் போய்விடுவது என்று துரைசாமி முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தபோது. சாமியாராகப் போகிற எண்ணம் இல்லை. அதற்கு வயிறு சம்மதிக்காது. செய்யாறு பக்கம் கம்பெனி புதிதாக ஒரு யூனிட் திறக்கிறது. அங்கே ஸ்டோர் இன்சார்ஜாகப் போய்விடலாம். வாரத்தில் ஆறு நாள் அங்கேயே தங்கல், ஞாயிறு மட்டும் ஆம்பூர். போக ஆசையா என்றால் துளியும் கிடையாது. மனைவி அமிர்தவள்ளி "போவாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதைக் கேட்டு, கொஞ்சம் முரண்டு பிடித்து, "சரி, உனக்காக" என்று இருந்துவிட வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

ஐம்பத்து மூன்று வயது ஆண்பிள்ளைக்கு இது தேவையா என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றரை வருடம் அந்த வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கேளுங்கள். மகள் பூர்ணிமா கல்யாணமாகி ஓசூருக்குப் போனதோடு வீட்டுச் சத்தமும் கூடவே போய்விட்டது. துரைசாமிக்குத் தோல் யூனிட்டில் வேலை. அமிர்தவள்ளிக்கு அதே கம்பெனியின் ஷூ யூனிட்டில், தையல் லைனில். அவள் ஏழேகால் பஸ்ஸுக்கு ஓடுகிற ஆள். இவர் எட்டரைக்குப் போனால் போதும். சாயங்காலம் இவர் ஐந்தரைக்கே வந்து, பூட்டைத் திறந்து, டிவியில் யாரையாவது பேசவிட்டு உட்கார்ந்திருப்பார். அவள் ஓவர்டைம் முடித்து ஏழு மணிக்கு வருவாள். வந்ததும் அடுப்பு ஒரு கையில், போன் ஒரு கையில். லைனில் இருக்கிற நாற்பது பெண்களுக்கும் அவள்தான் அக்கா. சமையலறையில் சிரிப்பாகக் கேட்கும். அந்தச் சிரிப்புக்கும் இவர் நாற்காலிக்கும் நடுவில் ஒரு சுவர்தான், ஆனால் அது சிமெண்ட் சுவர்.

ஒருநாள் எண்ணியே பார்த்துவிட்டார். காலையிலிருந்து படுக்கிற வரை அவள் தன்னிடம் பேசியது மொத்தம் பதினோரு வார்த்தை. அதில் நான்கு மின்விசிறியைப் பற்றியது. மீதி ஏழையும் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எத்தனை நேரம் ஓட்டுவது?

இந்த இடத்தில் துரைசாமியின் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். பதனிட்டு வருகிற தோலைத் தரம் பிரிப்பவர் அவர். அசார்ட்டர் என்பார்கள். வடக்குப் பார்த்த ஜன்னலோரம் மேஜை. தோலை விரித்து, தடவி, மடித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். உண்ணி கடித்த வடு, முள்கம்பி கீறின கோடு, எல்லாம் விரல் நுனிக்குத் தெரிந்துவிடும். ஒண்ணாம் செலக்‌ஷனா, மூணாவதா, கழிசலா என்று சொல்லி முத்திரை குத்திவிடுவார். அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்த வியாபாரியின் சரக்கு என்று தெரிந்தால் கண் தயவு பார்க்கும் என்பதால், லாட் நம்பர் எழுதின சீட்டைக் குப்புறத் திருப்பி வைத்துவிட வேண்டும். இருபத்தாறு வருடத்தில் ஒருநாள்கூட அவர் அந்தச் சீட்டைத் திருப்பிப் பார்த்தது கிடையாது. எண் கண்ணில் பட்டாலே பார்வை தானாக வேறு பக்கம் போய்விடும். பின்னால் நடந்த அத்தனைக்கும் இந்த நேர்மைதான் காரணம்.

அடுத்த மேஜையில் முக்தார் அகமது. துரைசாமிக்கு இருந்த ஒரே தோஸ்த்.

"இன்னா தொர, காலைலயே மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு இருக்க?"

"செய்யாறுக்குப் பேர் குடுக்கப் போறேன் பாய்."

"நீயா? வேலூருக்குப் போனாலே சாயங்காலத்துக்குள்ள திரும்பணும்னு பேஜார் பண்ணுவியே."

"போவப் போறதில்ல. பேர் மட்டும் குடுக்கறேன். வீட்ல சொன்னா தடுப்பா. தடுத்தா நின்னுடுவேன்."

முக்தார் கையிலிருந்த தோலை மேஜைமேல் போட்டார். "தடுக்கலன்னா?"

"அது எப்டி தடுக்காம இருப்பா?"

"தெரியல. ஆனா நீ தோல பாத்து சொல்ற மாதிரி பொம்பளைங்கள பாத்து சொல்றது கஷ்டம் தோஸ்த். என்னுத நான் முப்பது வருஷமா பாத்துக்கினு இருக்கேன், இன்னும் செலக்‌ஷன் சொல்ல முடியல."

அன்று இரவுச் சாப்பாட்டுக்குத் தோசை. துரைசாமி இரண்டு தோசை வரைக்கும் பொறுத்துப் பார்த்தார். மூன்றாவதில் ஆரம்பித்தார்.

"செய்யாறு யூனிட்டுக்குப் பேர் குடுக்கலாம்னு இருக்கேன்."

"எப்போ தொறக்கறாங்க?"

"அடுத்த மாசம். ஆறு நாள் அங்கயே தங்கணும்." ஆறு என்பதில் கொஞ்சம் அழுத்தம் கொடுத்தார்.

"ரூம் அவங்களே குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க."

"பாத்ரூம் உள்ளயே இருக்குமா, வெளிய போவணுமா?"

"உள்ளதான் இருக்குமாம்."

"சாப்பாடு?"

"கேண்டீன் இருக்குது. ஆனா நம்ம வீட்டு சாப்பாடு மாதிரி வருமா இன்னா?"

"பழகிடும். போய்ட்டு வாங்க. சட்டினி போதுமா, இன்னும் வைக்கட்டா?"

"போவாதீங்க" என்பதற்கு அவர் ஏழு விதமான பதில் தயார் செய்து வைத்திருந்தார். சட்டினிக்கு ஒன்றும் தயார் செய்யவில்லை. போதும் என்று சொல்லிவிட்டு, அந்த மூன்றாவது தோசையைப் பாதியோடு வைத்துவிட்டு எழுந்தார். ஒரு மனிதன் வீட்டை விட்டுப் போகிறேன் என்கிறான், அவன் மனைவி பாத்ரூமைப் பற்றி விசாரிக்கிறாள். அவ்வளவுதான் தன் மதிப்பு என்று அவருக்குத் தோன்றியது. இனி பின்வாங்கினால் மானம் போய்விடும். மறுநாள் காலை நிஜமாகவே பேர் கொடுத்துவிட்டார்.

பேர் கொடுத்தவர்களுக்கெல்லாம் முன்பு மானேஜர் இரண்டு கேள்வி கேட்பார், மூன்றாவது கேள்வி யாருடைய சிபாரிசு என்று இருக்கும். இந்தத் தடவை புதுசு. வேலூரில் மனோதத்துவம் படித்துவிட்டு ஆபீஸில் சேர்ந்திருந்த ஜாஸ்மின் மேடம், எல்லோருக்கும் போனில் மனப்பரிசோதனை என்று அறிவித்துவிட்டாள். சாப்பாட்டு ஷெட்டில் ஒரே அமளி. நாங்க இன்னா பைத்தியமா என்று நாலு பேர் பேரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். துரைசாமி மட்டும் விளக்கம் கேட்கப் போனார்.

"இது பாஸ், ஃபெயில் பரீட்ச இல்ல சார்," என்றாள் ஜாஸ்மின். "உங்க சுபாவத்த அளக்கறது. தமிழ்ல எழுதி, நம்ம பக்கத்து ஆளுங்க எண்ணூறு பேருக்குப் போட்டுப் பாத்து, அதுலேர்ந்து அளவு எடுத்திருக்கோம். எல்லாருக்கும் ஒரே கேள்வி வராது. நீங்க சொல்ற பதிலப் பாத்து அடுத்த கேள்விய அதுவே எடுத்துக்கும்."

"சுபாவத்த எப்டி மேடம் மெஷின் அளக்கும்? தோலையே மெஷின் எத்தன அடின்னுதான் சொல்லுது. தரம் நான்தானே சொல்றேன்."

"அதான் சார் மெஷின மட்டும் நம்பறதில்ல. உங்கள நல்லா தெரிஞ்ச ஒருத்தர்கிட்டயும் ஒரு படிவம் வாங்குவோம். யார் நம்பர் போடட்டும்?"

துரைசாமி ஒரு கணம் யோசித்தார். தன்னை நன்றாகத் தெரிந்தவர் யார்? ஓசூரிலிருக்கும் மகளா? முக்தாரா? பத்து வினாடிக்குப் பிறகு மனைவியின் நம்பரைச் சொன்னார். சொல்லும்போதே ஒரு நப்பாசை எட்டிப் பார்த்தது. வாயால் சொல்லாததை அவள் எழுதியாவது விடுவாளோ?

பரிசோதனை சுலபமாகத்தான் இருந்தது. துரைசாமி முழு நல்லவராக உட்கார்ந்துகொண்டார். "நான் கோபப்பட்டதே இல்லை." முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். "நான் யாரைப் பற்றியும் புறம் பேசியதில்லை." முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். "நான் இதுவரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை." இதற்கு இன்னும் வேகமாக ஒப்புக்கொண்டார். முப்பது கேள்வி தாண்டியதும் ஒன்று வந்தது: "வீட்டுக்குப் போனால் என்னோடு பேச ஆள் இருக்கிறது."

விரல் நின்றுவிட்டது. கூடமும், டிவியும், பூட்டும் கண் முன்னால் வந்து போயின. கடைசியில் முழுமையாக ஒப்புக்கொண்டார். போன் நம்பவில்லை போலிருக்கிறது. நாலு கேள்வி கழித்து, அதையே வேறு சட்டை போட்டு அனுப்பியது: "மாலையில் எனக்காக யாரோ காத்திருக்கிறார்கள்." பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டு வெளியே வந்தபோது முதுகு வேர்த்திருந்தது.

இனி மனைவியின் படிவம். வெள்ளிக்கிழமை குறுஞ்செய்தி வந்திருக்க வேண்டும். அவள் வாயைத் திறக்கவில்லை. சனிக்கிழமையும் திறக்கவில்லை. ஞாயிறு மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது.

"போன்ல மெசேஜ் எதனா வந்துச்சா?" என்று ஞாயிறு காலை மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"தெனம் நூறு வருது. எதக் கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. பொதுவா கேட்டேன்."

"பொதுவா வந்துச்சு," என்று சொல்லிவிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு குளிக்கப் போனாள். எப்போதும் பிரிட்ஜ் மேல் இருக்கும் போன் அன்றைக்கென்னவோ அவருடைய நாற்காலியிலேயே கிடந்தது.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், துரைசாமி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அவள் போனை அவர் எடுத்துப் பார்ப்பது முதல் தடவை இல்லை. அவள் குளிக்கப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்து பார்ப்பதுண்டு. சந்தேகத்தால் இல்லை. அவள் அப்படி என்னதான் பேசிச் சிரிக்கிறாள் என்று தெரிந்துகொள்ள. உள்ளே ரவிக்கை மாதிரிகளும், யாரோ குழந்தையின் மொட்டைப் படமும்தான் இருக்கும். தன்னைப் பற்றி யாரிடமாவது ஒரு குறை சொல்லியிருப்பாளா என்றும் தேடியிருக்கிறார். ஒரு வரிகூட இல்லை. குறை சொல்லும் அளவுக்குக்கூடத் தன் நினைப்பு அவளுக்கு வருவதில்லையே என்று அன்றெல்லாம் மனது கஷ்டப்பட்டிருக்கிறது.

மகள் பிறந்த வருடத்தைத் தட்டினார், போன் திறந்தது. கம்பெனியிலிருந்து ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு செய்தி. இரண்டும் ஒரே மாதிரி: "இவரை நன்கு அறிந்த ஒருவர் நிரப்ப வேண்டிய படிவம்." இரண்டையும் அவள் தொட்டிருக்கவில்லை. மறதிக்காரிக்கு ஞாபகப்படுத்தி இரண்டாம் தடவை அனுப்பியிருக்கிறார்கள், வேறென்ன? கீழே இருந்ததைத் திறந்தார். தலைப்பில் பேர் இல்லை, பணியாளர் எண் மட்டும். எண்ணைக் கண்டதும் இருபத்தாறு வருடப் பழக்கத்தில் கண் விலகிக் கேள்விக்குப் போய்விட்டது.

"இவர் சொன்னால் பத்துப் பேர் கேட்பார்கள்." முழுமையாக. "புதிதாக வருபவர்களுக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுப்பார்." முழுமையாக. "இவர் தனியாக இருந்தாலும் தன்னைப் பார்த்துக்கொள்வார்." சொந்த வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாத மனிதர், அதையும் முழுமையாக ஒப்புக்கொண்டார்.

ஆனால் துரைசாமி தொழில் தெரிந்தவர். வடுவே இல்லாத தோல் என்று ஒன்று வந்தால் அது தோலே இல்லை, ரெக்சின். அதனால் அங்கங்கே ஒரு குறையையும் வைத்தார். "பிடிவாதம் உண்டு." ஒப்புக்கொள்கிறேன். "வீட்டில் சில சமயம் பேசாமல் இருந்துவிடுவார்." ஒப்புக்கொள்கிறேன். "தன் கஷ்டத்தை வெளியில் சொல்லமாட்டார்." இதில் அவர் கொஞ்ச நேரம் நின்றார். கேட்டால்தானே சொல்வதற்கு? முழுமையாக என்று தட்டினார்.

கடைசியில் ஒரு காலி இடம். "இவர் ஆறு நாள் வெளியூரில் தங்கினால் உங்கள் வீட்டில் என்ன மாறும்? உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்."

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. துரைசாமி ஒற்றை விரலால் எழுத ஆரம்பித்தார். அமிர்தவள்ளி தன்னைப் பற்றி என்ன எழுதுவாள், எழுத வேண்டும் என்று நினைத்தாரோ அதை எழுதினார்.

"இவர் இல்லன்னா வீடு பூட்டுன கடை மாதிரி ஆயிடும். நாங்க பேசிக்கறது கம்மிதான். ஆனா உள்ள ஆள் நடமாடுற சத்தம் கேட்டாதான் எனக்கு சோறு எறங்கும். இத நேர்ல சொன்னதில்ல. எப்டி சொல்றதுன்னு தெரியல. போவ வேணாம்னு சொல்லணும்னு மனசுல இருக்குது. ஆனா நல்ல திறமை. இவ்ளோ வருஷம் வெளிய தெரியாம போச்சு. அதனால அனுப்பி வைங்க."

எழுதி முடித்து ஒரு தடவை படித்தார். அமிர்தவள்ளிக்குத் தன்மேல் இத்தனை பிரியமா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அனுப்பினார். போனைத் துண்டால் ஒரு தடவை துடைத்து, அதே கோணத்தில் நாற்காலியில் வைத்துவிட்டு, வாசலில் போய் நின்று தெருவைப் பார்த்தார். அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். போனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், டிபன் எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டாள்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை ஜாஸ்மின் மேடம் கூப்பிட்டு அனுப்பினாள். துரைசாமி சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு போனார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஸ்டோர் வேலைக்கு வேற ஒருத்தரப் போட்டிருக்காங்க."

போக ஆசையே இல்லாத மனிதருக்கு அது ஏன் சுருக்கென்று தைத்தது என்று தெரியவில்லை. "ஏன் மேடம், மார்க் கம்மியா?"

"கம்மி இல்ல சார், ரொம்ப ஜாஸ்தி. கோவமே வராது, பொய்யே சொன்னதில்ல, புறமே பேசினதில்லன்னு போட்டிருக்கீங்க. எண்ணூறு பேர்ல ஒருத்தருக்கும் இப்டி வரல. இவ்ளோ நல்லவரா ஒருத்தர் வந்தா, அளவு எடுக்க முடியலன்னு டெஸ்ட்டே சொல்லிடும்."

துரைசாமி எழுந்திருக்கப் பார்த்தார்.

"இன்னொண்ணும் இருக்குது சார். எல்லா கேள்விக்கும் ரெண்டு மூணு செகண்டுல பதில் போட்டிருக்கீங்க. வீட்ல பேச ஆள் இருக்குதான்னு வந்தப்ப மட்டும் அம்பத்தெட்டு செகண்டு." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பதிலு மட்டுமில்ல சார், இப்பெல்லாம் எவ்ளோ நேரம் யோசிக்கறாங்கன்றதையும் அளக்கறோம். நீங்க ஆறு நாள் தனியா அங்க இருக்கறது நல்லதில்லன்னு எனக்குத் தோணுச்சு."

ஒன்றரை வருடத்தில் அவருடைய தனிமையைக் கண்டுபிடித்த முதல் ஜீவன் ஒரு போன். துரைசாமி சமாளித்துக்கொண்டு கேட்டார்: "எங்க வீட்டம்மா எழுதினத பாத்தீங்களா? அதுல எல்லாம் நல்லாதானே இருந்திருக்கும்?"

"அவங்க உங்களுக்கு எழுதவே இல்லியே சார். அந்த லிங்க்கு இன்னிக்கு வரைக்கும் தொறக்காமதான் இருக்குது."

"இல்ல மேடம், நானே..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஆனா நீங்க அவங்களுக்கு எழுதினது வந்துச்சு சார். பணியாளர் எண் ரெண்டாயிரத்து இருநூத்தி தொண்ணூறு, அமிர்தவள்ளி அக்கா. தையல் லைன் சூப்பர்வைசர் வேலைக்குப் பேர் குடுத்திருந்தாங்க. படிவத்துக்கு யார் நம்பர் போடட்டும்னு கேட்டேன். எங்க வீட்டுக்காரர் எல்லாத்தையும் என் போன்லதான் பாப்பாரு, என் நம்பரே போட்டுக்குங்கன்னாங்க." ஜாஸ்மின் ஒரு தாளை எடுத்தாள். "கடைசில எழுதியிருந்தீங்களே, அத மீட்டிங்ல படிச்சேன். மானேஜர் சார் கண்ணாடிய கழட்டித் தொடச்சிக்கினார். மூணாவதா இருந்தவங்க மொதல் ஆளா வந்துட்டாங்க. திங்கக்கெழம செய்யாறுல சேரணும்."

ரூமைப் பற்றியும், பாத்ரூமைப் பற்றியும் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்று அவள் விசாரித்தது யாருக்காக என்று துரைசாமிக்கு இப்போது புரிந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா? அது நான் என்னைப் பற்றி எழுதினது, தப்பாகப் போய்விட்டது என்று? சொன்னால் அவள் போகாமல் நின்றுவிடுவாள். மனைவி போனைத் திருடி, மனைவி பேரில், தன்னைப் பற்றித் தானே உருகி எழுதிக்கொண்ட ஆம்பிளை என்று ஆம்பூர் முதல் பள்ளிகொண்டா வரை பேரும் நின்றுவிடும். "சந்தோஷம் மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

வீட்டுக்கு வந்தால் அதிசயமாக அவள் முன்னாலேயே வந்திருந்தாள். கூடத்தில், டிவி போடாமல், அவர் நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தத் தாளின் இன்னொரு பிரதி.

"எங்கிட்ட சொல்லாம பேர் குடுத்திருக்க," என்றார் துரைசாமி. கோபமாகச் சொல்லத்தான் நினைத்தார்.

"சொல்லியிருந்தா ஆயிரம் கேள்வி கேட்டிருப்பீங்க. அப்புறம் மொகத்தத் தூக்கி வச்சிக்கினு அந்தப் படிவத்த எழுதாம உட்டிருப்பீங்க. ரெண்டு மெசேஜும் ஒரே மாதிரி இருந்துச்சு, அதான் நாற்காலில வச்சிட்டுக் குளிக்கப் போனேன்."

"வேணும்னே வச்சியா?"

"ஞாயித்துக்கெழம நான் குளிக்கப் போனா நீங்க இன்னா பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? வெளிய வந்து பாத்தா போன் தொடச்ச மாதிரி பளபளன்னு இருக்கும். நீங்க தெருவ பாத்துக்கினு நிப்பீங்க. நம்ம தெருவுல பாக்கறதுக்கு இன்னா இருக்குது?"

துரைசாமி தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பத்தொம்பது வருஷம்," என்றாள் அவள். "நான் மிஷின்ல உக்கார வச்சி சொல்லிக் குடுத்த பொண்ணுங்க எத்தன பேரு. ஒவ்வொரு தடவையும் சூப்பர்வைசர்னு யாரயோ ஒரு ஆம்பளைய கொண்டாந்து வைப்பாங்க. அவனுக்கும் நானே சொல்லிக் குடுப்பேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அந்தச் சேர்ல நான் உக்காந்து பாக்கணும்னு இருந்துச்சு. உங்ககிட்ட சொன்னா இன்னா சொல்லியிருப்பீங்க?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கமாட்டேன் என்று சத்தியம் செய்ய அவருக்கு வாய் வரவில்லை. அவளுக்கு அப்படி ஒரு ஆசை இருந்தது என்பதே இன்றைக்குத்தான் தெரிகிறது. பதினோரு வார்த்தை என்று எண்ணினவர், தான் அவளிடம் எத்தனை பேசினோம் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

அமிர்தவள்ளி தாளைப் பிரித்தாள். பூட்டின கடை, ஆள் நடமாடுகிற சத்தம், இறங்காத சோறு, எல்லாவற்றையும் மெதுவாகப் படித்தாள். அவள் குரலில் கேட்கும்போது அது இன்னும் மோசமாக இருந்தது. துரைசாமிக்குக் காது சுட்டது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், உண்மைய சொல்லுங்க. உங்கள பத்தின படிவம்னு நெனச்சிதானே எழுதினீங்க? இது நீங்க என்னப் பத்தி நெனச்சதா, இல்ல உங்கள பத்தி நான் நெனைக்கணும்னு நீங்க நெனச்சதா?"

இதற்கு ஐம்பத்தெட்டு வினாடி எடுத்துக்கொள்ள முடியாது. எதிரில் இருப்பது போன் இல்லை.

"எழுதும்போது ரெண்டாவது," என்றார் துரைசாமி. "ஆபீஸ்ல அந்தப் பொண்ணு உம்பேரு சொன்னப்போ, அது மொதலாவதுன்னு தெரிஞ்சிச்சு. நீ இல்லன்னா எனக்கு சோறு எறங்காதுதான்."

அவள் கண் ஓரம் பளபளத்த மாதிரி அவருக்கு இருந்தது. தாளை நாலாக மடித்து, போகிற பையில், புடவைக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வார்த்தையை அவர் எண்ணவில்லை.

போகாதே என்று சொல்ல அவருக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. நாலு நாளும் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்தப் படிவத்தில் தான் தட்டினதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தால், தனக்கு அது அத்தனையும் பொய், அவளுக்கு அத்தனையும் மெய். பத்துப் பேர் கேட்பார்கள். பொறுமையாகக் கற்றுக்கொடுப்பாள். பிடிவாதம் உண்டு. கஷ்டத்தை வெளியில் சொல்லமாட்டாள். பேர் தெரியாமல் பார்த்து, சரியாகத் தரம் சொல்லியிருக்கிறார். ஒண்ணாம் செலக்‌ஷன் என்று முத்திரை குத்தின பிறகு, தனக்கு வேண்டும் என்பதற்காகக் கழிசலில் தள்ள எந்த அசார்ட்டருக்கும் மனசு வராது.

திங்கட்கிழமை காலை நெடுஞ்சாலை ஓரம் செய்யாறு பஸ் வந்து நின்றது. துரைசாமி பையை மேலே ஏற்றிக் கொடுத்தார். அமிர்தவள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இரண்டு நாளாக அவருக்குள் ஒரு கேள்வி குடைந்துகொண்டிருந்தது. பஸ் உறுமியதும் கேட்டுவிட்டார்.

"வள்ளி, என் படிவத்த நீ ஏன் தொறக்கவே இல்ல?"

"தொறந்து எழுதியிருந்தா நீங்க பாஸ் ஆயிடுவீங்களோன்னு பயம்."

துரைசாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாள் காத்திருந்த வார்த்தை இதோ வருகிறது. "அப்போ நான் போவக்கூடாதுன்னுதான் எழுதல. அப்படித்தானே?"

"அப்படித்தான்," என்றாள் அமிர்தவள்ளி. பஸ் நகர்ந்தது. அவள் தலையை வெளியே நீட்டி, அவருக்குக் கேட்கும்படி சொன்னாள்: "ரெண்டு பேரும் போய்ட்டா, எட்டு நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணிய யாருங்க புடிக்கறது?"